புதிய யுரேனியம் ஆர்சனேட் கனிமத்தைக் கண்டறிந்து விவரிப்பது எப்படி?

பழைய சுரங்கம் ஒன்றிலிருந்து வந்த கல். அதன் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பச்சைப் படிகங்கள். பக்கத்தில் யுரேனியத் தாதுவும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. ஆனால் தெரிந்த கனிமங்கள் எதனோடும் இது பொருந்தவில்லை. புதிய கனிமமாக இருக்கலாம். அப்புறம் என்ன செய்வது?

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கருவி வேண்டும் என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்தச் சோதனையை எதற்கு முன்னால் செய்வது என்ற கேள்வி அதைவிட முக்கியம் என்பேன். யுரேனியம் ஆர்சனேட்டுகள், அதாவது யுரேனியத்தோடு ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமங்கள், பெரும்பாலும் மிகக் குறைந்த அளவில்தான் கிடைக்கும். பல சோதனைகள் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், அல்லது அதிலுள்ள நீரை விரட்டிவிடும். வரிசை தப்பினால் விடை கிடைக்கும் முன்பே கனிமம் தீர்ந்துபோகும். கீழே சொல்லும் படிகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நிஜக் கனிமத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம்: ஷ்டெபைட். செக் குடியரசின் மேற்கில், ஜெர்மனி எல்லையை ஒட்டிய மலைத்தொடரில் யாஹிமோவ் என்ற ஊர் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் வெள்ளிக்குப் பேர்போன ஊர். கியூரி தம்பதியர் ரேடியத்தைப் பிரித்தெடுக்க இந்த ஊரின் யுரேனியத் தாதுக் கழிவைத்தான் வரவழைத்தார்கள். 1948-க்குப் பிறகு கம்யூனிஸ்ட் அரசு அரசியல் கைதிகளை இங்கே யுரேனியம் வெட்ட வைத்தது. அந்தக் கொடுமையைச் சொல்லாமல் யாஹிமோவைப் பற்றி எழுதக் கூடாது. அங்குள்ள ஸ்வோர்னோஸ்ட் சுரங்கம் இன்றும் ஊரின் கதிரியக்கநீர்ச் சிகிச்சை நிலையத்துக்குத் தண்ணீர் தருகிறது. அங்கே கெஷீபர் என்ற தாது நரம்பில், சிதைந்த ஆர்சனிக்கின் மேல் மரகதப் பச்சை நிறத்தில் மெல்லிய படிவாக ஷ்டெபைட் கிடைத்தது. நான்கு இணைதிறன் கொண்ட யுரேனியத்தின் ஆர்சனேட் இயற்கையில் கிடைத்தது அதுவே முதல் முறை. யாகுப் பிளாஷிலும் அவருடைய கூட்டாளிகளும் அதை விவரித்தார்கள். 2012-இல் அதற்குச் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் ஒப்புதல் கிடைத்தது. 2013-இல் கட்டுரை வெளியானது.

எங்கே தேடுவது

யுரேனியம் ஆர்சனேட் உருவாக இரண்டு பொருள் ஒரே இடத்தில் சிதைய வேண்டும். ஒன்று யுரேனினைட், பழைய சுரங்கத் தொழிலாளர்கள் பிட்ச்பிளெண்ட் என்று சொன்ன கருப்புத் தாது. மற்றொன்று ஆர்சனிக் தரும் தாது: தனி ஆர்சனிக், ஆர்சனோபைரைட், நிக்கல்-கோபால்ட் ஆர்சனைடுகள். காற்றும் நீரும் பட்டு இரண்டும் ஆக்சிஜனேற்றம் அடையும்போது, யுரேனியம் ஆறு இணைதிறன் நிலைக்கு வந்து யுரேனைல் அயனியாக (ஒரு யுரேனியமும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தது) நீரில் கரையும், ஆர்சனிக் ஆர்சனேட்டாகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மஞ்சள், பச்சைத் தகடுகளாகப் படியும்.

வெள்ளி, கோபால்ட், நிக்கல், பிஸ்மத், யுரேனியம் எல்லாம் ஒன்றாக இருக்கும் தாது நரம்புகள் இதற்குத் தோதான இடம். யாஹிமோவும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியில் உள்ள ஷ்னீபெர்க்கும் அப்படிப்பட்டவை. ஃப்ரைபெர்க் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் 1871 முதல் 1873 வரை ஷ்னீபெர்க் கற்களிலிருந்து வால்புர்கைட், ட்ரோகரைட், ஸொய்னரைட், யுரேனோஸ்பினைட் என்று வரிசையாக யுரேனியம் ஆர்சனேட்டுகளை விவரித்தார். ஜெர்மனியின் கருங்காடும் அமெரிக்காவின் யூட்டா மாநிலமும் பிறகு பட்டியலில் சேர்ந்தன.

சுரங்கத்துக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அருங்காட்சியக இழுப்பறைகள் புதிய கனிமங்களுக்கு நல்ல களம். லார் என்ற ஊருக்கு அருகே கருங்காட்டில் கிடைத்த ஹ்யூகலைட்டைப் பாருங்கள். 1913-இல் அதை ஈயமும் துத்தநாகமும் சேர்ந்த வனடேட் என்று எழுதினார்கள். 1961-இல் வாலென்டாவும் விம்மனௌவரும் மறுபடி சோதித்தபோது அது ஈயத்தின் யுரேனைல் ஆர்சனேட் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அந்தக் கனிமத்தில் யுரேனியம் இருப்பதே கணக்கில் வரவில்லை. பழைய சீட்டு சொல்வதை அப்படியே நம்பாமல், சந்தேகம் வரும் கல்லை மறுபடி எடுத்துப் பார்ப்பதும் தேடல்தான்.

தொடுவதற்கு முன்

கதிரியக்கத்தைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். ஆர்சனிக்கைப் பற்றி அந்த அளவுக்குச் சொல்ல மாட்டார்கள், அது தவறு. ஷ்டெபைட்டோடு சேர்ந்து ஆர்சனோலைட் என்ற வெள்ளைப் படிகம் இருக்கும். அது வேறெதுவுமில்லை, நம் சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் ஆர்சனிக் டிரை ஆக்சைடு. விரலில் ஒட்டி வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எனவே கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வேலை செய்யும் மேசையில் டீ, தின்பண்டம் கூடாது. உலர்ந்த கல்லை உடைப்பதும் தூளாக்குவதும் புகைக்கூண்டுக்குள் மட்டும். தூசி மூக்கில் போவதுதான் யுரேனியத்திலும் ஆர்சனிக்கிலும் பெரிய ஆபத்து.

கற்களை வைக்கும் அலமாரியில் ரேடான் வாயு சேரும். காற்றோட்டமான அறையில், படுக்கையறைக்கும் சமையலறைக்கும் தொலைவாக வையுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் கதிரியக்கம், நச்சு என்று இரண்டையும் எழுதி ஒட்டுங்கள். பழைய சுரங்கங்களுக்குள் அனுமதியும் துணையும் இல்லாமல் போகவே கூடாது.

சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் யுரேனியம் மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். இங்கே அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால் பையில் போட்டுக்கொண்டு வராமல், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிமங்கள் இயக்குநரகத்திடம் பேசுங்கள். எந்த நாட்டிலும் கதிரியக்கக் கல்லைத் தபாலில் அனுப்பத் தனி விதிகள் உண்டு.

இடத்தைப் பதிவு செய்யுங்கள்

எந்தச் சுரங்கம், எந்த மட்டம், எந்தத் தாது நரம்பு, சுவரிலா இடிபாட்டிலா, நீர் சொட்டுகிறதா, கூட என்னென்ன கனிமங்கள் என்பதை எடுக்கும்போதே எழுதுங்கள். கல் இருந்த நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், விண்ணப்பத்தில் ‘கிடைத்த இடம்’ என்ற பகுதி வெறும் ஊர்ப் பெயராக நின்றுவிடும்.

கூட இருக்கும் கனிமங்கள் சும்மா பட்டியலுக்காக அல்ல. அவை அந்த இடத்தின் வேதியியலைச் சொல்லும். ஷ்டெபைட்டோடு காதியாலைட் என்ற அமிலத்தன்மை மிக்க இரும்பு ஆர்சனேட் இருந்தது. ஆர்சனிக்கின் ஆக்சைடுகள் இருந்தன. அங்கே ஊறிய நீர் கடும் அமிலம் என்பது இதிலிருந்தே புரியும். அத்தகைய சூழலில்தான் யுரேனியம் ஆறு இணைதிறனுக்குப் போகாமல் நான்கிலேயே நின்று படிய முடிந்தது.

உலரவிடாதீர்கள்

பெரும்பாலான யுரேனைல் ஆர்சனேட்டுகள் அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். யுரேனைலும் ஆர்சனேட்டும் சேர்ந்த தகடு ஒன்று, இடையில் செம்பு, கால்சியம், மக்னீசியம் போன்ற ஓர் அயனியும் நீரும், அதன் மேல் அடுத்த தகடு. இடையில் உள்ள நீர் எளிதில் வெளியேறிவிடும். ஸொய்னரைட்டில் செம்பு ஒன்றுக்கு 12 நீர் மூலக்கூறுகள் என்று எழுதுவார்கள். வறண்ட அலமாரியில் வைத்தால் அது 8 ஆகக் குறையும்; தகடுகளின் இடைவெளி சுருங்கும். அப்போது அது ஸொய்னரைட்டே அல்ல, மெட்டாஸொய்னரைட் என்ற வேறு கனிமம். நீர் எண்ணிக்கை மாறி அமைப்பும் மாறினால் அது தனி இனம் என்பதுதான் ஏற்றுக்கொண்ட வழக்கம்.

நீங்கள் சுரங்கத்தில் எடுத்ததும் ஆய்வகத்தில் அளந்ததும் ஒரே கனிமம் என்று எப்படிச் சொல்வீர்கள்? எடுத்த அன்றே ஒரு சிறு துண்டைக் காற்றுப் புகாத குப்பியில், ஈரப்பதம் போகாமல் மூடி வையுங்கள். இன்னொரு துண்டைத் திறந்து வையுங்கள். முடிந்த அளவு சீக்கிரம் இரண்டையும் எக்ஸ்-கதிரில் பார்த்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு; மாறாமல் இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

கண்ணும் விளக்கும்

இருகண் நுண்ணோக்கியில் நேரம் செலவழியுங்கள். இது கனிமத்தில் எதையும் செலவழிக்காத சோதனை. நிறம், பளபளப்பு, படிகத்தின் வடிவம், எந்தத் திசையில் பிளக்கிறது, எதன் மேல் எது வளர்ந்திருக்கிறது என்று வரைந்து வையுங்கள். ஒரே பச்சைப் படிவுக்குள் இரண்டு கனிமங்கள் கலந்திருப்பது சாதாரணம். கெஷீபர் நரம்பில் ஷ்டெபைட்டுக்குப் பக்கத்திலேயே வெளிர் பச்சை இழைகளாக விசோகியைட் என்ற இன்னொரு புதிய கனிமமும் இருந்தது. நிறத்தை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சுரண்டி எடுத்திருந்தால் இரண்டும் குழம்பியிருக்கும்.

அடுத்து புற ஊதா விளக்கு. யுரேனைல் அயனி உள்ள கனிமங்கள் பல மஞ்சள் கலந்த பச்சையில் பளீரென்று ஒளிரும். கால்சியம் உள்ள யுரேனோஸ்பினைட் நல்ல உதாரணம். செம்பு இருந்தால் அந்த ஒளிர்வு பெரும்பாலும் அணைந்துவிடும். நான்கு இணைதிறன் யுரேனியத்தில் யுரேனைலே இல்லை, எனவே ஷ்டெபைட் ஒளிராது. கதிரியக்க மானி சத்தம் போடுகிறது, விளக்கில் ஒளி இல்லை, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செம்பும் இல்லை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அது நான்கு இணைதிறனாக இருக்கலாம்.

தூள் முறையும் ராமனும்

எக்ஸ்-கதிர்த் தூள் முறைக்குச் சில துகள்கள் போதும். இப்போதுள்ள கருவிகளில் ஒற்றைத் துகளைச் சுழற்றியே தூள் பதிவு போன்ற ஒன்றை எடுக்கலாம். அந்தத் துகள் அழியாமல் திரும்பக் கிடைக்கும். வரும் கோடுகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள். அடுக்குக் கனிமங்களில் முதல் கோடு மட்டும் மிகப் பலமாக வந்து மற்றவை மங்கும், ஏனென்றால் தகடுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். அந்த ஒற்றைக் கோட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ராமன் நிறமாலை, திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928-இல் கண்டறிந்த விளைவின் மேல் நிற்கும் முறை, நம் வேலைக்கு மிகவும் உதவும். லேசர் ஒளி சிதறும் விதத்திலிருந்து பிணைப்புகளின் அதிர்வைப் படிக்கும் முறை இது. துகளை வெட்டவோ தேய்க்கவோ வேண்டாம். ஆனால் யுரேனியம் ஆர்சனேட்டில் ஒரு சிக்கல் உண்டு. யுரேனைலின் முக்கிய அதிர்வும் ஆர்சனேட்டின் முக்கிய அதிர்வும் ஏறக்குறைய ஒரே இடத்தில், அலை எண் 800-க்கும் 850-க்கும் நடுவில், ஒன்றன் மேல் ஒன்றாக விழும். அங்கே ஒரு பட்டை தெரிகிறது என்பதால் யுரேனைல் இருக்கிறது என்று எழுதிவிட முடியாது. ஒளிர்வு, நிறம், படிக அமைப்பு எல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்யும். 3,000-க்கு மேல் வரும் அகலமான பட்டைகள் நீரையும் ஹைட்ராக்சிலையும் காட்டும். அவற்றைத் தவறாமல் பதிவு செய்யுங்கள். எலக்ட்ரான் கருவிகளுக்கு ஹைட்ரஜன் தெரியாது.

லேசரின் திறனைக் குறைத்தே தொடங்குங்கள். பத்து நொடியில் படிகத்தின் நடுவில் கருப்புப் புள்ளி விழுந்தால், நீங்கள் அளந்தது கனிமத்தை அல்ல, அதன் சாம்பலை. பச்சை லேசரில் ஒளிர்வு எல்லாவற்றையும் மூடினால் சிவப்பு அல்லது அகச்சிவப்பு லேசருக்கு மாறுங்கள்.

வேதி அளவீடு: இல்லாத தனிமங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் ஈ.டி.எஸ். கருவி (ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ்-கதிர்க் கோடுகளின் ஆற்றலை அளப்பது) வைத்து என்னென்ன தனிமங்கள் என்று பார்ப்பீர்கள். மென்பொருள் தானாகவே பெயர் ஒட்டிக் கொடுக்கும். யுரேனியம் ஆர்சனேட்டைப் பொறுத்தவரை அந்தப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காரணம் மூன்று.

யுரேனியத்தின் எம் பீட்டா கோடு 3.34 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். பொட்டாசியத்தின் கே ஆல்பா கோடு 3.31-இல். ஈ.டி.எஸ். கருவியின் பிரிதிறன் சுமார் 0.13 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதாவது இரண்டையும் அதனால் பிரிக்கவே முடியாது. யுரேனியம் இருக்கிற இடத்திலெல்லாம் கொஞ்சம் பொட்டாசியம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஆர்சனிக்கின் எல் ஆல்பா கோடு 1.28. மக்னீசியத்தின் கே ஆல்பா 1.25. எனவே ஆர்சனிக் மக்னீசியமாக வேஷம் போடும்.

இந்த இரண்டும் சேரும்போது தொல்லை பெரிதாகிறது, ஏனென்றால் பொட்டாசியம் உள்ள யுரேனைல் ஆர்சனேட்டும் இருக்கிறது, அபர்னாதியைட். மக்னீசியம் உள்ளதும் இருக்கிறது, நோவாச்செகைட். போலிக் கோடு உங்களை நேராகத் தெரிந்த ஒரு கனிமத்தின் பெயரில் கொண்டுபோய் நிறுத்தும். புதிய கனிமம் கையில் இருந்தும், ‘இது அபர்னாதியைட்தான்’ என்று பெட்டியை மூடிவிடுவீர்கள். இதன் மறுபக்கமும் உண்டு: மக்னீசியமே இல்லாத கனிமத்துக்கு மக்னீசியத்தோடு புதிய வாய்பாடு எழுதுவது.

மூன்றாவது, ஈயம். ஈயத்தின் எல் ஆல்பா கோடும் ஆர்சனிக்கின் கே ஆல்பா கோடும் 10.5-இல் ஒன்றன் மேல் ஒன்று உட்காரும். ஈயம் இருக்கிறதா என்று பார்க்க 2.35-இல் வரும் எம் கோட்டுக்குப் போக வேண்டும். அங்கே கந்தகம் இருந்தால் அதுவும் மறைக்கும்.

எனவே அளவு சொல்லும் சோதனையை எலக்ட்ரான் மைக்ரோபுரோபில், அலைநீளத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவியில் செய்யுங்கள். சந்தேகமான ஒவ்வொரு தனிமத்துக்கும் கோட்டின் இரு பக்கமும் அலசிப் பார்த்து, உண்மையில் சிகரம் இருக்கிறதா என்று கண்ணால் உறுதி செய்யுங்கள். பொட்டாசியமே இல்லாத யுரேனியம் ஆக்சைடை வைத்து, பொட்டாசியம் இடத்தில் எவ்வளவு போலிக் கணக்கு வருகிறது என்று அளந்து கழிக்கலாம்.

மெருகேற்றும்போது தண்ணீர் வேண்டாம். கனிமம் கரைந்தோ நீரேறியோ போகலாம். எலக்ட்ரான் கற்றையை விரித்து, மின்னோட்டத்தைக் குறைத்து அளவிடுங்கள். ஒரே புள்ளியில் குவித்தால் படிகம் கொப்புளித்துவிடும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் வெற்றிடத்தில் நீர் கொஞ்சம் போகும். அதன் அடையாளத்தை அட்டவணையிலேயே காணலாம்: அளந்த ஆக்சைடுகளோடு, அமைப்பிலிருந்து கணக்கிட்ட நீரையும் சேர்த்தால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். அதை மறைக்க வேண்டியதில்லை. நீர் வெளியேறியதால் மற்றவற்றின் விகிதம் ஏறியிருக்கிறது என்று கட்டுரையில் காரணத்தோடு எழுதுங்கள். விகிதங்கள்தான் முக்கியம்.

விகிதம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஷ்டெபைட்டும் விசோகியைட்டும் நல்ல சான்று. இரண்டிலும் யுரேனியம், ஆர்சனிக், ஆக்சிஜன், ஹைட்ரஜன் மட்டும்தான். முதலாவதில் ஒரு யுரேனியத்துக்கு இரண்டு ஆர்சனிக். இரண்டாவதில் ஒன்றுக்கு நான்கு. மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். நான்கு இணைதிறன் யுரேனியம் கூட்டல் 4. ஷ்டெபைட்டில் ஒவ்வோர் ஆர்சனேட்டும் ஒரு ஹைட்ரஜனைச் சுமக்கிறது, எனவே கழித்தல் 2. இரண்டுக்கும் சேர்த்துக் கழித்தல் 4. சரியாகிவிட்டது. விசோகியைட்டில் ஒவ்வோர் ஆர்சனேட்டும் இரண்டு ஹைட்ரஜனைச் சுமக்கிறது, எனவே கழித்தல் 1. நான்குக்கும் சேர்த்துக் கழித்தல் 4. அங்கும் சரி. உங்கள் கனிமத்துக்கும் இப்படி ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போடுங்கள். யுரேனியத்துக்கு ஆறு என்று எடுத்துக்கொண்டு கணக்கு இடித்தால், நான்கு போட்டுப் பாருங்கள்.

படிக அமைப்பு

ஒரு புதிய கனிமத்துக்கு இப்போதெல்லாம் படிக அமைப்புதான் முதுகெலும்பு. அமைப்பு இல்லாமலும் ஒப்புதல் கிடைத்த கனிமங்கள் உண்டு. ஆனால் யுரேனியம் ஆர்சனேட்டில் நீரையும் ஹைட்ராக்சிலையும் பிரித்துச் சொல்ல வேறு நல்ல வழி அரிது. அதனால் மிகச் சிறந்த படிகத்தை, மெருகேற்றுவதற்கு முன்பே, இதற்காக ஒதுக்கி வையுங்கள்.

0.05 மில்லிமீட்டர் அளவுள்ள படிகம் போதும். அதைவிடச் சிறியது என்றால் மிகப் பலமான எக்ஸ்-கதிர் தரும் சிங்க்ரோட்ரான் அல்லது எலக்ட்ரான் விளிம்பு விளைவு முறை இருக்கிறது. யுரேனியம் எக்ஸ்-கதிரை ஏராளமாக உறிஞ்சும் என்பதால் மாலிப்டினம் கதிரே நல்லது. உறிஞ்சுதல் திருத்தத்தில் அவசரப்படக் கூடாது. நீரை இழக்கும் கனிமமென்றால் குளிரில் வைத்து அளவிடுங்கள். அடுக்குக் கனிமங்களில் இரட்டைப் படிகமும் அடுக்குக் குளறுபடியும் சகஜம். முதல் படிகம் ஒத்துவரவில்லை என்றால் கணக்கோடு மல்லுக்கட்டாமல் வேறு படிகத்தை எடுங்கள்.

அமைப்பு தீர்ந்ததும் பிணைப்பு நீளங்களைப் படியுங்கள். யுரேனைல் என்றால் யுரேனியத்தின் இரு பக்கமும் நேர்க்கோட்டில் இரண்டு ஆக்சிஜன், சுமார் 1.78 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் நெருங்கி நிற்கும். நான்கு இணைதிறன் யுரேனியத்தில் அந்தக் குட்டையான சோடி இருக்காது. சுற்றிலும் உள்ள ஆக்சிஜன்கள் எல்லாம் 2.3 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியோ அதற்கு மேலோதான் இருக்கும். ஆர்சனிக்குக்கும் ஆக்சிஜனுக்கும் சராசரி 1.69 ஆங்ஸ்ட்ராம். அந்த நான்கில் ஒன்று மட்டும் 1.73 பக்கம் நீண்டிருந்தால் அதன் மேல் ஹைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

யுரேனியத்தின் பக்கத்தில் ஹைட்ரஜனை நேரடியாகப் பார்ப்பது கடினம். பிணைப்பு இணைதிறன் கூட்டுத்தொகை, அதாவது ஓர் அணுவின் பிணைப்புகளின் பலத்தை அவற்றின் நீளத்திலிருந்து கணக்கிட்டுக் கூட்டுவது, இங்கே கைகொடுக்கும். ஹைட்ரஜனைச் சேர்க்காமல் ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் கூட்டிப் பாருங்கள்: 2-ஐ ஒட்டி வந்தால் வெறும் ஆக்சிஜன், 1-ஐ ஒட்டி வந்தால் ஹைட்ராக்சில், அரைக்கும் கீழே என்றால் நீர். அந்த அட்டவணையைக் கட்டுரையில் கட்டாயம் கொடுங்கள். உங்கள் வாய்பாட்டை மதிப்பிடுகிறவர் முதலில் புரட்டும் பக்கம் அதுதான்.

புதியதுதானா?

வேதியியல், அமைப்பு என்ற இரண்டில் ஒன்றாவது தெரிந்த கனிமங்களிலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும். ஓர் இடத்தில் இரண்டு தனிமங்கள் மாறி மாறி அமர்ந்தால், எது அதிகமோ அதுவே கனிமத்தைத் தீர்மானிக்கும். நிக்கலும் மக்னீசியமும் கலந்த ஒன்றில் நிக்கல் மிகுந்தால் அது நிக்கல் கனிமம். அடுக்கும் முறை மட்டும் வேறுபட்டால் அது புதிய இனம் ஆகாது.

சர்வதேசக் கனிமவியல் சங்கம் வெளியிடும் அதிகாரப்பூர்வப் பட்டியலில் தேடுங்கள். பெயரிடாமல் விட்ட பழைய பதிவுகளையும், ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த சேர்மங்களையும் தேடுங்கள். உங்கள் கனிமத்தின் செயற்கை வடிவம் ஏற்கெனவே இருந்தால் வேலை பாதி எளிது, ஒப்பிட்டுக் காட்டலாம். மனிதன் செய்த பொருள் கனிமம் ஆகாது. ஆனால் இயற்கையில் அது முதன்முதலாகக் கிடைத்தால், அது புதிய கனிமம்தான்.

மீதமுள்ள அளவீடுகள்

கடினத்தன்மை, கீற்று நிறம், பிளவு, உடைவு, பளபளப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். அடர்த்தியை அளக்கப் போதிய சரக்கு இல்லையென்றால் வாய்பாட்டிலிருந்தும் அலகுக் கூட்டிலிருந்தும் கணக்கிட்டால் போதும். ஒளி விலகல் எண்களை எண்ணெய்களில் மூழ்க வைத்து அளக்கும் பழைய கலையைக் கற்றவர்கள் குறைந்துவருகிறார்கள். தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். விலகல் எண், அடர்த்தி, வேதியியல் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று கிளாட்ஸ்டோன்-டேல் விதி சொல்லிவிடும். மூன்றில் ஒன்று தப்பென்றால் அங்கே உடனே தெரியும்.

பெயரும் விண்ணப்பமும்

பெயர் வைப்பது சந்தோஷமான வேலை, ஆனால் விதிகள் உண்டு. கண்டுபிடித்த இடம், வேதியியல், அல்லது ஒருவருடைய நினைவாக வைக்கலாம். உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்ள முடியாது. உயிரோடு இருப்பவர் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும். அபர்னாதியைட்டுக்கு, அதை யூட்டா சுரங்கத்தில் கண்டெடுத்த ஜெஸ் அபர்னாதியின் பெயர். ஸொய்னரைட்டுக்கு ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியின் இயக்குநர் குஸ்டாவ் ஸொய்னரின் பெயர். ஷ்டெபைட், யாஹிமோவின் சுரங்கப் பொறியாளர் யோசெஃப் ஷ்டெப்பின் நினைவாக வந்தது. 1863 முதல் 1926 வரை வாழ்ந்தவர். ஊரின் கதிரியக்கநீர்ச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர். அந்த மண்ணோடு வாழ்ந்த ஒருவரின் பெயரை அந்த மண்ணின் கனிமத்துக்கு வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

விண்ணப்பத்தைச் சர்வதேசக் கனிமவியல் சங்கத்தின் புதிய கனிமங்கள், பெயரிடல், வகைப்பாட்டு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும். ஏதாவது ஒன்றை அளக்க முடியவில்லையென்றால் ஏன் என்று எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். தலைவர் முதலில் படித்து, குறை இருந்தால் திருப்பி அனுப்புவார். சரியாக இருந்தால் ஓர் எண் கிடைக்கும். ஷ்டெபைட்டின் எண் 2012-006. அந்த ஆண்டில் ஆறாவது விண்ணப்பம் என்று பொருள். பிறகு பல நாடுகளின் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள். கனிமத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பெயருக்குத் தனி வாக்கு. உறுப்பினர்கள் அனுப்பும் குறிப்புகளைக் கவனமாகப் படியுங்கள், பெரும்பாலும் அவை கட்டுரையை மேம்படுத்தும்.

ஒப்புதல் வரும் முன்பு பெயரை எங்கும் வெளியிடாதீர்கள். மாநாட்டு உரை, சமூக வலைத்தளம், நண்பர் குழு எதிலும் வேண்டாம்.

அருங்காட்சியகமும் கட்டுரையும்

நீங்கள் விவரித்த அதே துண்டை, அதாவது வகைமாதிரியை, பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். இது கட்டாயம். கதிரியக்கமும் நச்சும் உள்ளதால் எல்லா அருங்காட்சியகமும் வாங்கிக்கொள்ளாது. விண்ணப்பம் எழுதத் தொடங்கும்போதே பேசி வையுங்கள். அவர்கள் தரும் பதிவு எண் கட்டுரையில் வர வேண்டும். நீர் இழக்கும் கனிமம் என்றால் மூடிய குப்பியில் வைக்க வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

ஒப்புதல் வந்த இரண்டு ஆண்டுக்குள் முழு விவரிப்பு வெளியாக வேண்டும். கட்டுரையில் கிடைத்த இடம், தோற்றம், ராமன், வேதியியல், தூள் தரவு, படிக அமைப்பு, உறவுக் கனிமங்களோடு ஒப்பீடு, பெயர்க் காரணம் என்று வரிசையாகப் போகும். எழுதும்போது உறவுக் கனிமங்கள் பகுதிக்கு மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். உங்கள் கனிமம் ஏன் அங்கே, அந்த அமிலத்தில், அந்த ஆர்சனிக்கின் மேல் படிந்தது என்பதைச் சொல்லும் இடம் அது. படிக அமைப்புக் கோப்பையும் தூள் தரவின் முழு அட்டவணையையும் கூடவே இணையுங்கள். வேறொரு சுரங்கத்தில் இதே பச்சைப் படிவைப் பார்க்கும் ஒருவர், தன்னிடம் உள்ளதும் இதுதானா என்று அந்த அட்டவணையை வைத்துத்தான் சரிபார்ப்பார்.